உப்பில்லாத நாற்பத்தெட்டு நாள்

அடுகோடியில் எங்கள் லைன் வீடுகளில் வெயில் காலம் பிறந்ததைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. உத்தமன் கடை வாசலில் எரிந்துபோன மோட்டார்கள் சேர ஆரம்பித்தால் மாசி முடிந்தது என்று அர்த்தம். போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறிக் கருகும். கூடவே சீலிங் ஃபேன்கள், மாவு மில் மோட்டார்கள், கிரைண்டர்கள். சித்திரையில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. மழை பிடித்துவிட்டால் ஆடி முடிய ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நான் மில்லிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவன். விருப்பம் மில்காரர்களுடையது, ஓய்வு மட்டும் என்னுடையது. பகலில் நான் வீட்டில் இருந்தால் என் மனைவி சாந்தகுமாரிக்கு ஆகாது. ஆகவே பேப்பரை எடுத்துக்கொண்டு உத்தமன் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் மனைவி சரளா, மகள் விஜி, மூன்று பேரின் இருமலும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

அவன் மோட்டார் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கருகிய மோட்டாரைப் பிரித்துப் பழைய செம்புக் கம்பியை வெட்டி உருவுவான். உள்ளே வரிசையாக இருக்கும் பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றுக்கும் அளவாகப் பேப்பர் வெட்டிச் செருகுவான். புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, அந்தக் கட்டைப் பள்ளத்தில் வைத்து, மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இழையாக உள்ளே தள்ளுவான். ஒரு இழையில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த மோட்டார் திரும்பி வந்துவிடும். அவன் கட்டியது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பெரிய பல்பு ஒன்றை உள்ளே விட்டுக் காயவைப்பான். அந்த வார்னிஷ் வாசனை எங்கள் லைன் முழுக்க வீசும். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

உத்தமனுக்கும் மோட்டாருக்கும் ஒரே சீசன். தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில்தான் அவனுக்கு முதல் தடவை மனசு கலங்கும் நோய் வந்தது. முந்தின டிசம்பரில், இங்கே தமிழர்களை அடித்த காவிரிக் கலாட்டாவின்போது கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் எல்லோரும் உள்ளே கிடந்தோம். அந்தப் பயம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது என்று லைனில் பேசினார்கள். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற அவன் தூக்கம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. பேச்சு கூடியது. கரண்ட் இல்லாமல் ஓடும் மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக, எந்தக் கம்பி எத்தனை சுற்று என்பது வரைக்கும் விவரமாகச் சொல்வான். ஒரு நாள் மத்தியானம் ஓசூர் ரோட்டைப் பிடித்து ஹெப்பகோடி வரை நடந்தே போய், அங்கே ஃபேக்டரி கேட் ஒவ்வொன்றிலும் நின்று, இனி உங்கள் மோட்டார் எல்லாவற்றையும் நான்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் பேச்சை நம்பி மூன்று ஆட்டோ நிறைய மோட்டார்களை அனுப்பியும் வைத்தார்கள். ஜூன் மழை வந்தது. உத்தமன் கம்பளிக்குள் போனான். குளிக்கவில்லை, பேசவில்லை, சோற்றைக் கொண்டுபோய் வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டாத மோட்டார்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கேட் கேட்டாக நின்று மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தவள் சரளா.

அதற்குப் பிறகு அவள் ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். அவள் வேலை கார்மெண்ட்ஸ் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே நூல் வெட்டிக் கொடுப்பது. சட்டையில் பிசிறு தேடும் கண்ணால்தான் புருஷனையும் பார்த்துக்கொண்டாள். சிவராத்திரி முடிந்த மறுநாளே ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டிவிடுவாள், வெளிச்சம் அவன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. காபி கிடையாது, மோர்தான். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் எதற்கும் விடமாட்டாள். ஆறு மணிக்குக் கடைச் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். மழைக்காலத்துக்கு வேறு வைத்தியம். காலையில் கையைப் பிடித்து எழுப்பி, மொட்டை மாடியில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கே உட்காரவைப்பாள். வெந்நீரில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். வீட்டில் பால் இருந்தாலும் பால் வாங்கிவர அனுப்புவாள், அந்த நாலு தெருவாவது அவன் நடக்க வேண்டும் என்று. "இவரு கூட இருந்து எனக்கு மழை எந்த திக்குலேர்ந்து வருதுன்னு மூக்குலயே தெரியுது அண்ணா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தொண்ணூற்றி நான்கு மழைக்காலத்தில் பெரிய மனநல ஆஸ்பத்திரியில் லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த வெயிலில் உத்தமன் தூங்கினான். அடுத்த மழையில் கடைக்கு வந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து மருந்து அளவு பார்த்துவிட்டு வருவான். கை மட்டும் லேசாக நடுங்கும். கம்பி தள்ளும்போது அதுவும் நின்றுவிடும். மாத்திரையைச் சரளாவே எடுத்துக் கையில் வைத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். விஜிகூட அப்பாவைக் கிண்டல் செய்யும்.

அப்படி மூன்று வெயில் தாண்டியது. தொண்ணூற்றெட்டு பங்குனி பிறந்த வாரம் சரளா கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, இவருக்கு மாத்திரை ஆரம்பிச்சப்பவே மாரியம்மா கிட்ட ஒண்ணு வேண்டிக்கினேன். மூணு வெயிலு இவரு தூங்கிட்டாருன்னா, நாங்க ரெண்டு பேரும் நாப்பத்தெட்டு நாளு உப்பில்லாம சாப்டு, ஒன் வாசல்ல கூழு ஊத்தறேன்னு. தூங்கிட்டாரு. இந்த வருசம் செஞ்சுடணும்."

தெருமுனை மாரியம்மனுக்குச் சித்திரையில்தான் திருவிழா. கூழ் காய்ச்சுவதற்குத் தலைமை முத்தம்மா, கோவில் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். அவள் நாள் பார்த்துக் கொடுத்திருந்தாள்.

உத்தமன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "உப்பு சுத்தமா இல்லாமயா?" என்று கேட்டான்.

"ஒரு கல்லு கூட இல்லாம. ஊறுகா, அப்பளம், வெளிய போண்டா, பஜ்ஜி ஒண்ணும் கூடாது. ஏன், முடியாதா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மூன்று வருஷமாக அவள் வயிற்றில் வைத்திருந்த நெருப்பு அணைந்துபோய், முகம் குளிர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்த எனக்கே அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"முடியும். இன்னா பெரிய விசயம்" என்றான்.

அந்த வருஷ வெயிலும் சாமானியமானதில்லை. கடைக் கூரை தகரம். பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வரி விழும். மோட்டார்கள் வாசலைத் தாண்டிச் சாக்கடை ஓரம் வரைக்கும் வந்துவிட்டன. ஆனாலும் ஆறு மணிக்கு அவன் கடையைச் சாத்தினான், சரளாவுக்காக. மத்தியானம் ஒரு மணிக்கு அவள் டிபன் கேரியர் கொண்டுவருவாள். வெறும் சோறு, வெந்த பருப்பு, முருங்கைக்கீரை, தயிர். நான் ஒரு நாள் ஒரு வாய் வாங்கித் தின்று பார்த்துவிட்டு, அம்மனுக்கே இது இறங்காது என்றேன். சரளா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்டி சொல்லாதீங்க அண்ணா" என்றாள்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு மத்தியானம் அவள் கேரியரை இறக்கிவைத்துவிட்டு, கீழே விரிக்கக் காகிதம் தேடி, பேப்பர் வைக்கும் டிராயரை இழுத்தாள். உள்ளே உப்புக் காரம் போட்ட காங்கிரஸ் கடலை வாங்கிய எண்ணெய்க் காகிதங்கள் ஏழெட்டு கசங்கிக் கிடந்தன. பின்னால் ஒரு சின்ன டப்பா. திறந்து பார்த்தாள். கல்லுப்பு.

"இது இன்னா?"

உத்தமன் திரும்பவில்லை. "உப்பு" என்றான்.

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கத்திலிருந்த பெரிய மோட்டார் கூட்டின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உத்தமன் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் குந்தினான்.

"சரளா, இங்க பாரு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க. இந்த மாத்திரைக்கு உப்பு கொறையவே கூடாதாம். வெயில் காலத்துல நல்லா தண்ணி குடிக்கணும், வழக்கமா திங்கற உப்ப தின்னணுமாம். உப்பு கொறஞ்சா மருந்து வெளிய போவாம உள்ளயே தங்கிடுமாம். மோட்டாருக்குள்ள சூடு தங்கினா இன்னா ஆவும்? அதே கத தான்."

"எப்ப சொன்னாங்க?"

"மொத மொத மாத்திரை குடுத்தப்ப. நீ அன்னிக்கி கொழாத் தண்ணிக்கு நின்னுட்டு வரல."

"இத்தினி வருசமா என்னாண்ட சொல்லல."

"நீ உப்பு போட்டுத்தானே ஆக்கற. அத்த தனியா சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

"வேண்டுதல சொன்ன அன்னிக்கி சொல்றது."

"ஒன் மூஞ்சிய பாத்தேன். வாய் வரல" என்றான். "நீ வூட்ல உப்பில்லாம போடு. நான் இங்க ரெண்டு கல்லு போட்டுக்கறேன். ஒன் மனசும் நல்லா இருக்கும், எனக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

சரளா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கரண்ட் இல்லாம ஓடற மோட்டாரு கண்டுபுடிச்சேன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் இதே மாரி வெவரமாத்தான் சொன்னீங்க. நானும் நம்பி நாலு பேராண்ட சொன்னேன்."

உத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. தெனம் மாத்திரை சாப்புடறவங்கள உப்பு தின்னுன்னு எந்த டாக்டராவது சொல்லுவாங்களா?"

எங்கள் லைனில் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்பது பேர். எல்லோருக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை என்றால் உப்புக்கு எதிரி என்பது எங்களுக்கெல்லாம் அ, ஆ போலப் பழகிப்போன விஷயம். நான் பேப்பரை மடித்தேன்.

"எனக்கு பீ.பி. மாத்திரை எழுதின அன்னிக்கே ஊறுகா பாட்டில தூக்கி போட சொன்னாங்கம்மா. உப்பு திங்க சொல்ற டாக்டரு இருந்தா அட்ரஸ் குடுப்பா உத்தமா, நானும் போய் சேந்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் சிரித்திருக்கிறேன், எல்லாம் மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

உத்தமன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு எழுந்து, உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சாக்கடையில் கவிழ்த்தான்.

"ஆய்த்து" என்றான். "இனிமே தொடமாட்டேன். அழுவாத."

ஆஸ்பத்திரி எங்கள் லைனிலிருந்து எட்டி நடந்தால் இருபது நிமிஷம். போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேலைவெட்டி இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அதற்கப்புறம் பத்து நாள் கழித்து, டீக்கடையில் அவன் கிளாஸைப் பிடித்திருந்தபோது டீ தளும்பி விரலில் ஊற்றியது. உதறிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இன்னாப்பா, ரொம்ப நடுங்குது?"

"வெயிலு அண்ணா. வேலை வேற கழுத்து வரைக்கும்" என்றான். டீயை ஊதிக் குடித்துவிட்டு அவனே பேசினான். "டாக்டரம்மா சொன்னது நெஜந்தான் அண்ணா. நான் ஒண்ணும் இட்டுக்கட்டி சொல்லல."

"அப்ப போட்டுக்கயேம்பா. அவளுக்கு தெரிஞ்சாத்தானே?"

நான் அரைகுறையாக நம்பித்தான் அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

"இத்தினி வருசமா என் பேச்ச நம்பி அவ தெருத்தெருவா அலஞ்சா. மோட்டார தூக்கினு போய் கண்டவன் கால்ல எல்லாம் வுழுந்தா. ஒரு நாப்பத்தெட்டு நாளு அவ பேச்ச நான் கேக்கக்கூடாதா? இன்னும் பதினஞ்சு நாளுதான். தண்ணி நெறய குடிக்கிறேன், ஒண்ணும் ஆவாது."

அந்த வாரம், நான் பார்த்து முதல் தடவையாக, அவன் கட்டிய ஒரு மாவு மில் மோட்டார் திரும்பி வந்தது. அடுத்த நாள் ஒரு ஃபேன். உத்தமன் அவற்றைப் பிரித்து, தான் கட்டியதைத் தானே வெட்டி எடுத்தான். இரண்டு நாள் கழித்து வாந்தி. பேதியும் சேர்ந்துகொண்டது. அந்த வெயிலில் லைனில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை, தண்ணீர் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தோம். சரளா ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், இரண்டிலும் உப்பில்லை. மாத்திரை வாந்தியில் போய்விட்டதோ என்று பயந்து இன்னொன்று கொடுத்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தவறவிடக் கூடாது என்றுதான் கொடுத்தாள்.

கூழ் ஊற்றும் நாளுக்கு முதல் நாள் கால் தள்ளாடி அவன் நடை அகன்றுபோயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனான். பேச்சும் நாக்கில் ஒட்டியது. "வேணாம்னா நாளைக்கி வூட்லயே படுத்துக்கோங்க" என்று சரளா சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவன் ஏதோ சொன்னான், புரியவில்லை. சரளா, "சரி, புடிச்சுக்கறேன், போலாம்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணி. கோவில் வாசலில் மூன்று அண்டா கேழ்வரகுக் கூழ் கொதித்து இறங்கியிருந்தது. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டியில் உத்தமனை ஒரு பக்கம் சரளாவும் மறுபக்கம் விஜியும் தாங்கிப் பிடித்து வந்தார்கள். அவன் கை கால் மட்டுமல்ல, தாடை, தோள், தொடை எல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டன. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பம்பைக்காரர்கள் அதைப் பார்த்ததும் அடியை உயர்த்தினார்கள். முத்தம்மா கூழ்க் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வந்துட்டாடி சரளா. ஒன் விரதத்துக்கு எறங்கி வந்துட்டா. புடிக்காத, வுடு. கைய எடு."

சரளா கையை எடுத்தாள். யாரோ அவன் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் மண்டி போட்டு விழுந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். சரளா அவன் எதிரில் நின்று, தன் புருஷனை இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கூட்டத்தில்தான் இருந்தேன். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

"தாயே, கொறை இருந்தா சொல்லு. இன்னா வேணும் ஒனக்கு?" என்று முத்தம்மா கேட்டாள்.

உத்தமனின் உதடு கோணியது. எச்சில் வழிந்தது. இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகு வந்தது.

"உப்... உப்பு."

"உப்பு கேக்கறா. ஆத்தா உப்பு கேக்கறாடி. உப்பு மொளகு கொட்டணும், எடுத்தாங்க."

மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம்தானே. நாலு பக்கமும் ஓடினார்கள். என் சாந்தகுமாரியும் ஓடினாள். படி படியாக உப்பு வந்தது. அவன் கைக்கு எட்டாத தூரத்தில், பலிபீடத்தின்மேல், அத்தனை உப்பையும் வெள்ளையாகக் கொட்டினார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினான், கை எங்கேயோ போனது. பிறகு சரளாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். கூப்பிய கை பிரிந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அவன் பின்னால் சாய்ந்து, கை கால் வெட்டிக்கொள்ள, வாயில் நுரை தள்ளியது.

பம்பை நின்றது. ஆட்டோ ஸ்டாண்டு ஓஸ்வால்ட் எங்கள் லைன் கடைசி வீட்டுக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், கூழுக்கு மட்டும் தவறாமல் வருவார். அவர்தான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஃபிட்ஸ் இது. தூக்குங்கப்பா" என்று சொல்லி அவனைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். "அம்மா, ஊட்டதல்லி உப்பு கம்மி மாடித்ரா?" என்று கன்னடத்தில் கேட்டார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா என்கிறார். சரளா தலையை ஆட்டினாள். அவர் திட்டவில்லை. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பை நிறுத்தக் கூடாது, உப்பு குறைந்தால் மருந்து வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிவிடும், வெயிலில் வேர்த்தால் இன்னும் மோசம், முதல் நாளே சொல்லியிருப்பார்களே என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சரளா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. மஞ்சள் தண்ணீர் அவள் புடவையிலும் காய்ந்திருந்தது.

"அவரு சொன்னாரு அண்ணா" என்றாள். "இதே தான் சொன்னாரு. ஒரு வார்த்தை கூட மாறல."

நான் சிரித்தது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து உத்தமன் உயிரோடு வந்தான். மாத்திரையை மாற்றிவிட்டார்கள். அறிவுக்குக் குறைவில்லை, யார் யார் என்று தெரிகிறது, விஜியின் ரிப்போர்ட் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறான். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. நடை அகன்றது அகன்றதுதான். நாக்கும் அவிழவில்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள் முதலில். பிறகு அதையும் சொல்வதில்லை. சிறுமூளை என்று ஏதோ படம் போட்டுக் காட்டினார்களாம்.

வீட்டுக்கு வந்த வாரம் கடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். கூட்டிப் போனோம். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு ஃபேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குச்சியைக் கையில் எடுத்தான். குச்சி பள்ளத்துக்குள் போகவே இல்லை. இங்கே குத்தியது, அங்கே குத்தியது, பேப்பர் கிழிந்தது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுக் குச்சியை என் கையில் கொடுத்தான். நான் எதற்கு அதை வாங்கினேன் என்று தெரியவில்லை, வீட்டில் இன்னும் இருக்கிறது.

ஜூன் பிறந்தது. சரளா மறுபடியும் ஓஸ்வால்ட் ஆட்டோவில் கட்டாத மோட்டார்களை ஏற்றிக்கொண்டு வாசல் வாசலாகப் போனாள். கடையைக் காலி செய்து கொடுத்தாள். கார்மெண்ட்ஸில் உள்ளே வேலைக்குச் சேர்ந்தாள், அதிகாலை சமைத்து வைத்துவிட்டுப் போவாள். ஆனாலும் அந்த மழைக்காலத்தில் அவள் வழக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. போகுமுன் அவனை மாடியில் வெயில் விழும் இடத்தில் உட்காரவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாள். பால் வாங்கப் போகும்போது தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. அவனுக்கு வைக்கும் எந்தச் சாப்பாட்டையும் அவள் முதலில் நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே தூறல் விட்டுவிட்டுப் போட்டது. நான் அவனுக்குப் பேப்பர் படித்துக் காட்டப் போயிருந்தேன். சரளா சமைத்து முடித்து, அவன் தட்டில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தாள். விஜிக்குப் போட்டாள். தன் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தட்டில் வேறு பாத்திரத்திலிருந்து எடுத்த பருப்பும் சோறும்.

உத்தமனின் ஸ்பூன் எப்போதும் வழி தவறும். அன்றைக்கு அவள் தட்டில் போய் இறங்கியது. விஜி சிரித்தது. அவனும் விடாமல் அதையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். மெல்லுவது நின்றது.

"உப்... பில்ல."

"எனக்கு அப்டியே பழகிடுச்சி. நீங்க சாப்புடுங்க" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.

"எத்தினி... நாளா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். விஜிதான் மெல்லச் சொன்னது, "அப்பலேர்ந்துப்பா. கோயில்லேர்ந்து."

ஆறு மாதம். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குக் கூடத் தெரியவில்லை.

உத்தமன் ஸ்பூனைக் கீழே வைத்தான். பின்னால் அலமாரியின் கீழ்த்தட்டில் உப்பு ஜாடி இருந்தது. சுவரைப் பிடித்துத் திரும்பி, ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மடியில் வைத்தான். மூடி உருண்டு போனது. நான் எழப் போனேன். சரளா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவன் கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். அந்தக் கை மேலே வரும்போதே பாதி உப்பு அவன் வேட்டியில் கொட்டியது, தரையில் சிதறியது, விஜியின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. கையை அவள் தட்டுக்கு மேலே கொண்டுபோய்த் திறந்தான். மிச்சமிருந்தது அத்தனையும் ஒரே குவியலாக அவள் சோற்றில் விழுந்தது.

"தின்னு" என்றான்.

"சரளா, அது ரொம்பம்மா. வேற போட்டுக்கோ" என்றேன் நான்.

அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. இந்தத் தடவையாவது கேட்காமல் இருந்தாளே. அந்த உப்பை ஒரு கல் ஒதுக்காமல் சோற்றோடு பிசைந்தாள். உருட்டி வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது உப்பாலா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விஜி தண்ணீர் எடுத்து நீட்டியது, அதிலும் உப்பு. அதையும் குடித்தாள். உத்தமன் அவள் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஆடும் தலையை அசையாமல் வைக்க முயன்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசிக் கவளம் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

தட்டு காலியானதும் அவன் அந்த நடுங்கும் கையை அவள் தோள்மேல் போட்டான்.

"ஆய்த்து" என்றான். "அழுவாத."